உளநோயாளரும் அரசின் கடமையும்

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துரைத்தார் திருவள்ளுவர். நோயாளி, நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுப்பவன் என்னும் இந்நான்கும் ஒருங்கு கூடியவிடத்தே மருத்துவம் நிறைவுறும் என்பது அவர் கருத்து. காய்ச்சல் கண்டவரும் காலொடிந்தவரும் தாமே மருத்துவரை நாடிச் செல்வர். செல்ல இயலாராயின், தம்மைக் கொண்டுசெல்லுமாறு பிறரை வேண்டுவர். ஆனால், தமக்கு நோயுண்டு என்பதையே அறியாத நோயாளரும் உளர். உளநோய் முற்றியவர் மருந்தை நஞ்சென்பார்; அருகிருந்து கொடுக்கும் தாயைப் பகையென்பார்; மருத்துவர் வீட்டு வாயிலை மிதிக்க மறுப்பார். அவரிடத்து முதற்கூறே மற்றை மூன்று கூறுகளுக்கும் மாறாக நிற்கின்றது.

இவ்விடத்திலேதான் அந்நான்குடன் ஐந்தாவதாக ஒன்று வந்து சேர்கின்றது. அது அரசு. குற்றமெதுவும் செய்யாத ஒருவரை, அவர் வேண்டாமென்று மறுக்கவும், கொண்டுசென்று பூட்டிய கதவுக்குப் பின்னே வைத்து மருந்து கொடுக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? இவ்வதிகாரம் ஒருவரிடமும் இல்லையாயின், நோயாளர் சிலர் தெருவிலே அழிவர். சிலர் கிணற்றிலே மடிவர். இவ்வதிகாரம் கட்டுப்பாடின்றி வழங்கப்படுமாயின், நோயற்றவரும் பகைவராற் பூட்டப்படுவர். இவ்விரு கேடுகளுக்கும் இடையே அரசுகள் வகுத்த வழி யாது, அவ்வழி எமது நாட்டில் எவ்வாறு அமைந்தது, எங்கே அது குறைவுற்று நிற்கின்றது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லூரி விழா மலரில் இத்தகைய பொருளுக்கு இடமென்ன என்று வினவுவோர் இருத்தல் கூடும். உளநோயாளர் ஒருவர் தம் வீட்டிலிருந்து வைத்தியசாலைக்குச் செல்லும் வழியிலே கிராம அலுவலர், பொலிசு அலுவலர், வைத்தியர், வழக்கறிஞர், நீதிபதி ஆகியோர் கையினூடே செல்கின்றார். இப்பதவிகள் யாவற்றிலும் எமது பழைய மாணவர் இருந்துளர், இன்றும் இருக்கின்றனர், இன்று வகுப்பிலிருக்கும் இளைஞர் நாளை இருப்பர். ஆதலின், இதனை அறிந்து வைத்தல் நமக்கு வெறும் அறிவுப் பொழுதுபோக்கன்று, கடமையுமாம்.

ஊரார் கண்ட உளநோய்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே 'விசர்' என்னும் சொல் நாய்க்கு வரும் வெறிநோயையும் குறிக்கும். மனிதருக்கு வரும் மனநோயையும் குறிக்கும். இரண்டுக்கும் ஒரு சொல்லே வழங்குவதிலிருந்து, அச்சமும் அருவருப்பும் எவ்வளவு ஆழமாக வேரூன்றியுள்ளன என்பது புலனாகும். ஆயினும், இதே ஊர்தான் சிவபெருமானைப் பித்தன் என்று போற்றுவது. நல்லூர்த் தேரடியிலே கந்தலுடுத்து, தமக்குத் தாமே பேசி, கண்டாரை ஏசித் திரிந்த செல்லப்பா சுவாமியை அக்காலத்தவருட் பலர் விசரர் என்றே எண்ணினர். 1915இல் அவர் மறைந்தார். அவரைக் குருவாகக் கொண்டவரே 1964இல் சமாதியடைந்த யோகர் சுவாமிகள். செல்லப்பரைத் தேரடியிலே இருக்கவிட்ட ஊர், அதனால் எவ்வளவு பெரும் பேற்றினை அடைந்ததென்பதை நாம் அறிவோம்.

இதிலிருந்து பெறப்படும் உண்மையொன்று உண்டு. உலகியலுக்கு மாறாக ஒழுகுதல் ஒன்றினாலேயே ஒருவரைப் பிடித்துப் பூட்டுதற்கு நியாயம் பிறவாது. மாறுபட்ட ஒழுக்கம் வேறு, நோய் வேறு, நோயினால் விளையும் ஆபத்து வேறு. இம்மூன்றையும் பிரித்தறிவதே சட்டத்தின் முதல் வேலை.

அதேவேளை, ஊர் எப்பொழுதும் பொறுமையோடு நடந்துகொண்டது என்றும் கூறவியலாது. பின்னறையிலே தூணோடு பிணிக்கப்பட்டவர், வீட்டிலே குமர்ப்பிள்ளைகள் இருக்கின்றனர் என்னும் காரணத்தால் அயலாருக்குக் காட்டாது மறைக்கப்பட்டவர், பேயோட்டுதலென்னும் பெயரால் அடியுண்டவர் ஆகியோரின் கதைகள் ஒவ்வொரு கிராமத்திலும் உள. காணி வழக்கிலும் சீதன வழக்கிலும் எதிராளியை 'அவனுக்கு மூளை சரியில்லை' என்று சொல்லி ஒதுக்க முயல்வதும் நாம் கேளாத செய்தியன்று. குடும்பத்தின் அன்பு பெரிது. எனினும், அன்பு ஒன்றையே காவலாக நம்பிச் சட்டம் இயற்றுதல் இயலாது.

சட்டத்தின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரித்தானியப் பேரரசு தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலெல்லாம் உளநோயாளருக்கென விடுதிகளையும் சட்டங்களையும் அமைத்தது. சென்னையிலே 1794இலேயே அத்தகைய விடுதியொன்று தோன்றிற்று. அதன் வழிவந்ததே இன்று கீழ்ப்பாக்கத்தில் விளங்கும் உளநல நிலையம். இந்தியாவில் 1858இல் இதுபற்றிய சட்டங்கள் இயற்றப்பட்டன. இலங்கையில் முதலில் உளநோயாளர் சிலர் ஏந்தலையிலுள்ள தொழுநோய் மனையிலே வைக்கப்பட்டிருந்தனர். 1847இல் பொரளையில் அவர்களுக்கெனத் தனிவிடுதி எழுந்தது. 1873ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கட்டளைச் சட்டமே அவர்களைத் தடுத்துவைத்தற்கான முறையை விரிவாக வகுத்த சட்டமாகும்.

அச்சட்டத்தின் உயிர்நாடி மாவட்ட நீதிமன்றமாகும். ஒருவர் சித்தசுவாதீனம் அற்றவரென ஐயுறப்படின், அச்செய்தி நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்படும். நீதிபதி அவரை வருவித்து, மருத்துவரின் சாட்சியம் பெற்று, விசாரணை நடத்துவார். வேண்டுமிடத்து, அவரைச் சிறிதுகாலம் அவதானிப்பில் வைக்கவும் கட்டளையிடுவார். முடிவிலே அவர் சித்தசுவாதீனம் அற்றவரென நீதிபதி துணிந்தால், விடுதியில் தடுத்துவைக்குமாறு கட்டளை பிறக்கும். ஆகவே, மருத்துவர் கருத்துரைப்பவர், தீர்ப்பவர் நீதிபதியே.

இம்முறையின் சிறப்பு வெளிப்படை. தனிமனிதரின் சுதந்திரத்தைப் பறிக்கும் அதிகாரம் உறவினரிடமும் இல்லை, மருத்துவரிடமும் இல்லை, விதானையாரிடமும் இல்லை. வெளிப்படையான மன்றத்திலே, சாட்சியம் கேட்டு, எழுத்து மூலமே அது செய்யப்படல் வேண்டும். காணிக்காக அண்ணனைப் பூட்ட விரும்பும் தம்பிக்கு இது ஒரு தடையாகும்.

இதன் குறையும் அத்தகைய வெளிப்படையே. நோயாளர் குற்றவாளியைப் போல மன்றின் முன் நிறுத்தப்படுகின்றார். பொலிசார் அழைத்து வருகின்றனர். ஊரார் கூடிப் பார்க்கின்றனர். ஏட்டிலே பெயர் பதியப்படுகின்றது. நீரிழிவு கண்டவரை எவரும் நீதிமன்றுக்கு அனுப்புவதில்லை. உளநோய் கண்டவரை அனுப்பியபொழுது, நோய் குற்றத்தின் சாயலைப் பெற்றது. அந்தச் சாயல் இன்றும் நீங்கவில்லை. குடும்பத்தார் நோயைத் தொடக்கத்திலே வெளிப்படுத்தாது, முற்றியபின்னரே உதவி தேடியதற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

அங்கொடையும் நெடுந்தூரமும்

பொரளை விடுதி நிரம்பி வழிந்தமையால், பின்னர் கறுவாத் தோட்டத்திலும், அதன்பின் 1926இல் அங்கொடையிலும் புதிய மனைகள் எழுந்தன. அங்கொடை என்னும் ஊர்ப்பெயரே நாடெங்கும் வசைச்சொல்லாயிற்று. யாழ்ப்பாணத்திலே ஒருவரை 'அங்கொடைக்கு அனுப்பவேணும்' என்று ஏசுவது சிங்கள ஊர்களில் ஏசுவதைப் போன்றே வழக்கமாயிற்று.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. வடபகுதிக்கான புகையிரதப் பாதை 1905இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. பாதை வந்தபின்னும், ஏழைக் குடும்பமொன்று தன் பிள்ளையைப் போய்ப் பார்த்துவருதல் எளிதாயிருக்கவில்லை. தமிழ் மட்டுமே அறிந்த நோயாளர் ஒருவர், தம் மொழி அறியாதவர் நடுவே தம் மனக்குறையை எவ்வாறு எடுத்துரைப்பார்? உள்ளத்தின் நோய்க்குப் பேச்சே நாடித்துடிப்பு. பேச்சை அறியாத மருத்துவர் எதைக் கொண்டு நோயை அளப்பார்? தூரம் பெருகப் பெருக, வருகை குறைந்தது. வருகை குறையக் குறைய, மறதி வளர்ந்தது. நோய் தணிந்தபின்னும் அழைத்துச்செல்ல ஆளின்றி, அம்மனைகளிலேயே முதுமையடைந்தோர் பலர். தடுத்துவைக்கும் கட்டளையை நீதிமன்றம் எழுதிற்று. வீட்டுக்கு மீட்கும் கட்டளையை எழுதுவதற்கு ஒருவரும் இருந்திலர்.

இலண்டன் மோட்சுலி வைத்தியசாலையின் தலைவர் எட்வேட் மப்போதர் 1937இல் இங்கு அழைக்கப்பட்டார். அடுத்த ஆண்டு வெளியான அவர் அறிக்கை, அங்கொடையின் நெரிசலையும் மருத்துவமின்மையையும் கண்டித்தது. பொது வைத்தியசாலைகளிலே உளநோய்ப் பிரிவுகளும் வெளிநோயாளர் நிலையங்களும் வேண்டுமென்றும், மருத்துவருக்கு இத்துறையிற் பயிற்சி வேண்டுமென்றும் வற்புறுத்திற்று. 1939இல் கொழும்புப் பொது வைத்தியசாலையில் உளநோயாளருக்கான வெளிநோயாளர் நிலையம் தொடங்கிற்று. 1952இல் பிரான்சிலே குளோர்புரோமசீன் என்னும் மருந்து உளநோய்க்குப் பயன்படுமெனக் கண்டறியப்பட்டது. அதுகாறும் காவல்மனையாக இருந்த இடம் மருத்துவமனையாக மாறக்கூடும் என்னும் நம்பிக்கை உலகெங்கும் எழுந்தது.

1956ஆம் ஆண்டின் மாற்றம்

'யாழ்தேவி' ஓடத் தொடங்கிய அதே 1956ஆம் ஆண்டிலே பழைய கட்டளைச் சட்டமும் திருத்தப்பட்டது. பித்தரைக் குறித்த பழைய பெயர் நீங்கி, அது உளநோய்கள் கட்டளைச் சட்டம் என வழங்கலாயிற்று. பெயர் மாற்றத்திலும் பெரிது உள்ளடக்கத்தின் மாற்றம். நீதிமன்ற வாயிலொன்றே இருந்த இடத்திலே வேறிரு வாயில்கள் திறந்தன. தம் நோயைத் தாமே உணர்ந்தவர், விரும்பி வேண்டிக்கொண்டு வைத்தியசாலையிற் சேரலாம். இவர் விருப்ப நோயாளர். தம் விருப்பத்தையோ மறுப்பையோ தெரிவிக்கும் ஆற்றலற்ற நிலையிலுள்ளவரை, நீதிமன்றத்துக்கு இழுக்காது, மருத்துவர் சான்றின்மேற் குறித்த காலத்துக்குச் சேர்க்கலாம். இவர் தற்காலிக நோயாளர். இங்கிலாந்து 1930ஆம் ஆண்டிலே மேற்கொண்ட வழியைப் பின்பற்றியதே இம்மாற்றம்.

இதன் பொருளை ஆராய்தல் வேண்டும். 1873இன் சட்டம் நீதிபதியை நம்பியது. 1956இன் திருத்தம் மருத்துவரையும் நம்பத் தொடங்கியது. விரைவும் மானமும் நோயாளருக்குக் கிடைத்தன. ஆயினும், மருத்துவர் தவறின் அத்தவற்றைத் திருத்துபவர் யார் என்னும் வினா எஞ்சி நின்றது. எந்த நாட்டிலும் இத்துறைச் சட்டத்தின் வரலாறு, இவ்விரு நம்பிக்கைகளுக்கும் இடையே துலாக்கோல் ஆடிய வரலாறே எனலாம்.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னொரு மாற்றம் 1998இல் நிகழ்ந்தது. அதுவரை தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் சட்டத்தின் கண்ணிலே குற்றவாளியாயிருந்தார். அவ்வாண்டிலே அக்குற்றம் தண்டச் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டது. துயருற்றவர் பொலிசுக்கு அஞ்சாது வைத்தியசாலைக்கு வருவதற்கு இது வழி செய்தது.

போரும் அதன் பின்னும்

1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தோன்றியமை வடபகுதியின் உளமருத்துவத்துக்கும் உரமாயிற்று. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவு குடாநாட்டு நோயாளரின் புகலிடமாயிற்று. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர், போர் மக்களுள்ளத்தில் ஏற்படுத்திய வடுக்களை ஆராய்ந்து உலகறிய எழுதினர். அவரது ஆங்கில நூல் 1998இல் வெளியாயிற்று. பாதைகள் மூடப்பட்ட காலங்களிலே கொழும்புக்கு நோயாளரை அனுப்புதல் இயலாதாயிற்று. வேறுவழியின்றி, மருத்துவம் ஊரோடு ஒன்றிற்று: கிராமப் பணியாளர், ஆசிரியர், சமயப் பெரியோர் ஆகியோரின் துணையோடு உளநலப் பணி நடைபெறலாயிற்று. துன்பக் காலம் கற்பித்த பாடம் இது.

2004ஆம் ஆண்டு மார்கழி 26இல் எழுந்த ஆழிப்பேரலை நாடு முழுவதையும் இத்துறைக்குக் கண் திறக்கச் செய்தது. அடுத்த ஆண்டிலே அமைச்சரவை ஏற்றுக்கொண்ட உளநலக் கொள்கை, மாவட்டந்தோறும் தீவிர நோயாளருக்கான பிரிவு, சமூகத்திலேயே மருத்துவம், புதிய உளநலச் சட்டம் என்பவற்றை இலக்காகக் கொண்டது. 2008இல் அங்கொடை மனை தேசிய உளநல நிறுவகம் ஆயிற்று. மாவட்டங்களிலே பிரிவுகளும் அலுவலரும் பெருகினர். ஆனால், கொள்கை வேண்டிய புதிய சட்டம் வரைவுகளாகவே நின்றது. 1873இல் எழுப்பி 1956இல் திருத்திய வீட்டிலேயே நாம் இன்னும் குடியிருக்கின்றோம்.

அதனால் விளையும் குழப்பத்தைச் சிறிது விளக்குவாம். பழைய சட்டம் பெரிய தனி மனநோய் மனையை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. இன்றோ, நோயாளர் பெரும்பாலும் பொது வைத்தியசாலையின் பிரிவுகளிலே சேர்கின்றனர். அங்கே தம் விருப்பின்றிச் சேர்க்கப்படுவோர் உறவினரின் வேண்டுகோளாலும் கையொப்பத்தாலுமே பெரிதும் சேர்க்கப்படுகின்றனர். வைத்தியர் நன்னோக்குடனேயே இதைச் செய்கின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலே 13ஆம் உறுப்புரை, தனிமனித சுதந்திரம் பறிக்கப்பட்ட எவரும் சட்டம் விதித்த நடைமுறைப்படி நீதிபதி முன் கொணரப்படல் வேண்டுமென்கின்றது. இவ்விரண்டையும் ஒருங்குவைத்து நோக்கின், வைத்தியருக்கும் காவலில்லை. நோயாளருக்கும் காவலில்லை என்பது தெளிவாகும்.

ஏர்வாடி தந்த எச்சரிக்கை

சட்டமும் நடைமுறையும் பிரிந்தால் என்ன நேரும் என்பதைத் தமிழுலகம் ஒருநாள் கண்ணீரோடு அறிந்தது. தமிழ்நாட்டு இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியிலே உள்ள தர்கா, உளநோய் தீர்க்கும் தலமென நெடுங்காலமாக நம்பப்பட்டு வருவது. மதபேதமின்றி மக்கள் தம் உறவினரை அங்கே கொண்டுவந்தனர். தர்காவின் அயலிலே தனியார் பலர் விடுதிகள் நடத்தினர். பணம் பெற்றுக்கொண்டு நோயாளரைச் சங்கிலியிட்டு வைத்தனர். 2001ஆம் ஆண்டு ஆவணி 6ஆந் திகதி விடியற்காலையில் அத்தகைய விடுதியொன்றின் கொட்டகை தீப்பற்றியது. கால்களிலே சங்கிலி பூண்டிருந்தோர் ஓட இயலாது எரிந்தனர். இறந்தோர் 28 பேர்.

இங்கே நாம் கருத்தூன்ற வேண்டியது ஒன்றுண்டு. அன்று இந்தியாவிலே சட்டம் இல்லாமலில்லை. 1987இல் இயற்றப்பட்டு 1993இல் நடைமுறைக்கு வந்த உளநலச் சட்டம், உரிமமின்றி எவரும் இத்தகைய மனை நடத்தலாகாது என்றே விதித்திருந்தது. மாவட்ட ஆட்சி இருந்தது, பொலிசு இருந்தது, சுகாதாரத் துறை இருந்தது, நீதிமன்றமும் இருந்தது. இவை ஒன்றையொன்று அறியாது, 'இது என் வேலையன்று' என்று இருந்தமையாலேயே சங்கிலி நீடித்தது. உறவினரையும் முழுதும் பழித்தலாகாது. அருகிலே அரசு மருத்துவமனை இல்லாதவர், கையிலிருந்த பொருளையும் கடவுள் நம்பிக்கையையும் கொண்டு தமக்குத் தெரிந்த வழியிற் சென்றனர். நிகழ்ச்சிக்குப் பின் இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்விடயத்தைக் கையிலெடுத்தது. ஏர்வாடி விடுதிகள் மூடப்பட்டன.

பிற நாட்டார் வகுத்த முறை

அத்துயரமும் பிற காரணங்களும் கூடி, இந்தியாவில் 2017இல் புதிய உளநல மருத்துவச் சட்டம் பிறந்தது. 2018இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் அமைப்பு ஆராயத்தக்கது. தன்விருப்பின்றி ஒருவரைச் சேர்த்தற்கு அவரால் நியமிக்கப்பட்ட பிரதிநிதியின் விண்ணப்பம் வேண்டும். இருவர் அவரைத் தனித்தனியே பரிசோதித்தல் வேண்டும். அவருள் ஒருவர் உளமருத்துவராதல் வேண்டும். தமக்கோ பிறருக்கோ தீங்கு விளைக்கும் நிலை, அல்லது தம்மைப் பேணும் ஆற்றல் அற்ற நிலை காணப்படல் வேண்டும். முதற்காலம் 30 நாட்களுக்கு மேற்படலாகாது. சேர்த்த செய்தியை மீளாய்வுச் சபைக்கு ஏழு நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். பெண்களும் சிறுவருமாயின் மூன்று நாட்களுக்குள். நோயாளர் அச்சபைக்கு முறையிடலாம். சங்கிலியிடுதல் முற்றாகத் தடுக்கப்பட்டது. தெருவில் அலையும் நோயாளரைப் பொலிசார் 24 மணி நேரத்துள் அரச மருத்துவ நிலையத்திற் சேர்த்தல் வேண்டும். பொலிசுக் கூண்டிலோ சிறையிலோ வைத்தல் கூடாது.

இங்கிலாந்தின் 1983ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் திருத்தங்களும் வேறொரு நல்ல வழியைக் காட்டுகின்றன. அங்கே இரு மருத்துவர் பரிந்துரைத்தாலும் போதாது. இத்துறையிற் பயின்ற உளநல அலுவலர் ஒருவர் நோயாளரை நேரிற் கண்டு, வேறு வழியில்லையெனத் தாமே துணிந்து, விண்ணப்பம் செய்தல் வழக்கம். பரிசோதனைக்கான காலம் 28 நாள். மருத்துவர், பொலிசார், நோயாளர் வண்டி, உறவினர் ஆகிய யாவரையும் ஒன்றுகூட்டுபவர் அவ்வலுவலரே. பல கைகள் தொடும் வேலைக்கு ஒரு கை பொறுப்பேற்கின்றது.

மாறுபட்ட கருத்துகள்

தன்விருப்பின்றி எவரையும் தடுத்துவைத்தலே தகாது என்னும் கொள்கையினரும் உளர். இத்தாலி நாடு 1978இல் பெரிய மனநோய் மனைகளுக்குப் புதிய நோயாளரைச் சேர்ப்பதை நிறுத்தி, அவற்றை மூடும் வழியிற் சென்றது. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கை, குறைபாடு உளதாதல் ஒன்றே ஒருவரின் சுதந்திரத்தைப் பறித்தற்குக் காரணமாகாது என்கின்றது. இலங்கை அவ்வுடன்படிக்கையை 2016இல் ஏற்றுறுதி செய்தது.

மறுபக்கத்திலே, இரவு முழுதும் கதவுக்குக் குறுக்கே படுத்து மகனைக் காக்கும் முதிய தாயின் குரலும் உண்டு. பிள்ளைகள் கடல்கடந்து சென்றபின், நோயுற்ற தம்பியோடு தனித்திருக்கும் தமக்கையர் குடாநாட்டிலே எத்தனை பேர்! அவர்களிடம் சுதந்திரத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அகலுதல் அறமாகாது. மருந்தில்லாத சுதந்திரம் நோயாளரை நோயின் அடிமையாக்குதலும் உண்டு.

இவ்விரு குரலையும் கேட்ட யாம் எண்ணுவது இதுவே. வற்புறுத்திச் சேர்த்தல் கடைசி வழியாதல் வேண்டும். அது குறுகிய காலத்ததாதல் வேண்டும். வேறொருவர் கண்முன் நிகழ்தல் வேண்டும். வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதியரும், மாதந்தோறும் கிடைக்கும் மருந்தும், நோய் தொடங்கும்பொழுதே அணுகக்கூடிய நிலையமும் இருப்பின், வற்புறுத்த வேண்டிய நிலை மிகவும் குறையும். வற்புறுத்தல் பெருகும் நாட்டிலே அதற்கு முந்திய படிகள் பழுதுற்றிருக்கின்றன என்பதே பொருள்.

ஆறு வினாக்கள்

புதிய சட்டம் வரும்பொழுது அது எத்தகையதாயினும், ஆறு வினாக்களுக்கு அது விடை கூறல் வேண்டும். வேண்டுகோள் விடுப்பவர் யார்? நோயைச் சான்றுபடுத்துபவர் யார்? கட்டளையிடுபவர் யார்? கொண்டுசெல்பவர் யார்? மீளாய்வு செய்பவர் யார்? வீட்டுக்கு மீட்பவர் யார்?

முதலிரண்டுக்கும் விடை ஒருவராதல் கூடாது. வேண்டுகோள் விடுப்பவருக்கும் சான்றளிப்பவருக்கும் உறவோ பொருட்டொடர்போ இருத்தலாகாது. காணிக்காகப் பூட்டும் கேட்டை இது தடுக்கும். மூன்றாவதிலே, அவசரத்தில் மருத்துவர் கட்டளையும், குறித்த சில நாட்களுக்குப்பின் நீதிபதியின் அல்லது சபையின் உறுதிப்பாடும் என இரண்டையும் இணைத்தலே தக்கது. நான்காவதற்குப் பொலிசு வண்டி இறுதித் துணையாதல் வேண்டும். 2018இல் வடமாகாணத்துக்கும் வந்த 1990 இலவச நோயாளர் வண்டிச் சேவை போன்றதே முதற்றுணையாதல் வேண்டும். ஐந்தாவதிலே, மீளாய்வு செய்வோர் நோயாளரின் மொழி அறிந்தவராய், அவர் இருக்குமிடத்துக்கே வருவோராய் அமைதல் வேண்டும். கொழும்பிலே தமிழறியாத சபையொன்று காகிதம் பார்த்துத் தீர்ப்பது மீளாய்வாகாது.

ஆறாவதே பெரிது. அங்கொடையின் வரலாறு நமக்கு உணர்த்துவது, உள்ளே செல்லும் வழிக்குச் சட்டம் இருந்து, வெளியே வரும் வழிக்குச் சட்டம் இல்லாதபொழுது மனிதர் மறக்கப்படுவர் என்பதே. ஒருவரைச் சேர்க்கும் நாளிலேயே, அவர் எந்நாள் திரும்புவார், எவர் வீட்டுக்குத் திரும்புவார், எந்த நிலையத்திலே மருந்து பெறுவார் என்பவை எழுதப்படல் வேண்டும். அவருடைய காணியும் வீடும் அவர் இல்லாத காலத்தில் கைமாறாது காக்கப்படல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

சட்டம் வரும்வரை கைகட்டியிருத்தல் வேண்டியதில்லை. கிராம அலுவலராயிருப்போர், சங்கிலியிட்டு வைக்கப்பட்டவர் தம் பிரிவில் உளரா என்று அறிந்து, பழி கூறாது குடும்பத்தை வைத்தியசாலையோடு இணைத்துவிடலாம். பொலிசு அலுவலராயிருப்போர், அலைந்து திரிபவரைக் கூண்டுக்குக் கொண்டுசெல்லாது வைத்தியரிடம் கொண்டுசெல்லலாம். வழக்கறிஞராயிருப்போர், தடுத்துவைக்கப்பட்ட நோயாளருக்கும் சட்ட உதவி உண்டென்பதை நினைவிற் கொள்ளலாம். ஆசிரியராயிருப்போர், வகுப்பிலே 'விசரன்' என்னும் சொல்லை வசையாக வழங்குவதைத் தடுக்கலாம். கடல்கடந்து வாழும் பழைய மாணவர், ஊரிலே நோயுற்ற உறவினரைப் பேணும் ஒருவருக்குப் பணத்தோடு ஓய்வுக்கும் வழிசெய்யலாம். அவசர ஆலோசனைக்குத் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு என்பதை மாணவர் யாவரும் அறிந்திருத்தல் நன்று.

உடலில் நோயுற்றவரைப் பேணுதலிலே நம் முன்னோர் பெயர்பெற்றவர். மானிப்பாயிலே மருத்துவக் கல்வியைத் தமிழில் ஊட்டிய கிறீன் வைத்தியரின் காலந்தொட்டு, இக்குடாநாடு மருத்துவருக்குப் பஞ்சமின்றி வாழ்ந்துவருகின்றது. தம் நோயைத் தாமே சொல்ல இயலாதவரைப் பேணுதலிலும் அப்பெயரைப் பெறுதல் இனி நம் கையிலுள்ளது. அவருக்காகப் பேசுதற்கு அவருக்கு வாயில்லை. வாயுள்ள நாம் பேசுவோமாக.